வெயில் நாட்டில் கேம்பர்வேன்: மூன்றரை ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சேலத்தில் வசிக்கும் நானும் என் மனைவியும் 2022 மார்ச்சில் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, சூரியத் தகடு ஆகியவற்றைப் பொருத்தி, தங்கிப் பயணம் செய்யும் கேம்பர்வேனாக மாற்றி, இன்றுவரை அதில் 61,000 கிலோமீட்டர் பயணம் செய்திருக்கிறோம். ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் அதில்தான் வாழ்கிறோம். வேலையைத் தொடங்கும்போது ஐரோப்பியப் பயணிகளின் காணொளிகளையே வழிகாட்டியாகக் கொண்டோம். அவர்கள் குளிரை எப்படி வெளியே நிறுத்துவது என்பதைச் சொல்லித் தந்தார்கள்; நமக்கோ உள்ளே சேரும் வெப்பத்தை இரவுக்குள் எப்படி வெளியேற்றுவது என்பதுதான் முதல் கேள்வி. தென்னிந்தியச் சமவெளியில் வாழப்போகும் வண்டிக்குக் காற்றோட்டமும் தண்ணீரும் முதலில், மின்சாரம் அதற்குப் பிறகு என்பது என் முடிவு. நாங்கள் செலவழித்த வரிசை இதற்கு நேர்மாறாக இருந்தது.

முதலில் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விதிக்கும் ஒப்புதலைப் பெற்று, ஆர்.சி.யில் அந்த மாற்றம் பதிவாக வேண்டும். வீட்டு வண்டிகளுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிலையும் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். எங்களுக்கு இவற்றுக்கு நான்கு மாதம் பிடித்தது. ஒப்புதல் கைக்கு வருமுன் ஓர் ஆணியும் அடிக்க வேண்டாம் என்று யாருக்கும் சொல்வேன்.

முதல் கோடையில் தூத்துக்குடிக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்க்கில் தங்கிய இரவை மறக்க முடியாது. இரவு பத்து மணிக்கு வெளியே 30 டிகிரி, வண்டிக்குள் 37. பகல் முழுவதும் வெயில் குடித்த இரும்புக் கூரை, விளக்கை அணைத்த பிறகும் எங்கள் முகத்தின்மேல் அனலை இறக்கிக்கொண்டிருந்தது. ரப்பர் ஃபோம் மெத்தையில் வியர்வை ஊறி, திரும்பிப் படுத்தால் முதுகோடு விரிப்பும் எழுந்து வந்தது. ஊர் திரும்பியதும் உள் பலகைகளைக் கழற்றி, கூரைக்கும் பலகைக்கும் இடையில் ஈரம் உறிஞ்சாத எக்ஸ்.எல்.பி.இ. என்ற வெப்பத்தடுப்பு ஃபோம் ஒட்டினோம். கூரையின் பின்பகுதியில் 14 அங்குலத் திறப்பு வெட்டி, காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறியை வைத்தோம். அதை ஓடவிட்டு, மற்ற சன்னல்களை மூடி, தலைமாட்டில் தாழ்வாக உள்ள கொசுவலைச் சன்னலை மட்டும் திறந்தால், வெளிக்காற்று உடம்பைத் தொட்டுக்கொண்டே செல்கிறது. எல்லாச் சன்னல்களையும் திறந்து வைத்தால் இந்த இழுவை கிடைக்காது. இப்போது அதே அளவு வெப்பமுள்ள இரவில் இருபது நிமிடத்தில் உள்வெப்பம் 31 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஃபோம் மெத்தைக்குப் பதில் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகள் போட்டோம்; வாரம் ஒரு நாள் வெயிலில் உலர்த்தினால் போதும்.

ஏசி பொருத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் 200 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் நிறைவாக இரண்டரை யூனிட் இருக்கும். முக்கால் டன் ஏசி 700 வாட் இழுத்தால் நள்ளிரவுக்குள் பேட்டரி காலியாகிவிடும். மின்விசிறிக்கோ இரவு முழுவதற்கும் கால் யூனிட் போதும். அதனால் நாங்கள் குளிர்ச்சியை மலையில் தேடிக்கொண்டோம். 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறையும். ஏப்ரல், மே மாதங்களில் இரவு தங்குமிடத்தைக் கொல்லிமலை, ஏற்காடு, ஜவ்வாது மலை என்று உயரத்தில் வைத்துக்கொண்டு, சமவெளி வேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுகிறோம். உதகை, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்பதை நினைவில் வைக்கவும்.

மின்சாரத்தில் எங்களுக்கு நேர்ந்த ஆபத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு 1,800 வாட்டில் எரியும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பாய்கிறது. எங்களுக்கு வேலை செய்த பட்டறை, பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையில் இதற்குப் போதாத 16 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டிருந்தது, ஃப்யூஸ் போடவேயில்லை. ஆறாவது மாதம், காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, மீன் அழுகியதைப் போன்ற ஒரு நாற்றம் வந்தது. குளிர்ப்பெட்டியில் ஏதோ கெட்டுவிட்டது என்று மனைவி அதைத் திறந்து தேடினார். நான் இருக்கைப் பலகையைத் தூக்கியபோது, கம்பியைப் பேட்டரி முனையோடு இணைக்கும் செம்பு வளையம் (லக்) பழுப்பேறி, அதையொட்டி இரண்டு விரல் நீளத்துக்குக் கம்பியின் உறை உருகி ஒழுகியிருந்தது. இன்னும் சில நாள் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். பிறகு 50 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டு, பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 200 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்தோம். மாதம் ஒரு முறை முனைகளைத் தொட்டுப் பார்த்து முடுக்குகிறேன். நீங்கள் எந்தப் பட்டறைக்குப் போனாலும், கம்பியின் தடிமனையும் ஃப்யூஸின் இடத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

சூரியத் தகடு 400 வாட். சித்திரை வெயிலில் நாளுக்கு 1.7 யூனிட் தருவது, கார்த்திகை அடைமழையில் அரை யூனிட்டாகிவிடுகிறது. குளிர்ப்பெட்டி, விசிறி, ஒரு வேளைச் சமையல், மோட்டார் எல்லாம் சேர்ந்து நாளுக்கு 1.9 யூனிட் செலவு. குறைவதை ஓட்டும்போது எஞ்சினிலிருந்து நிரப்பிக்கொள்கிறோம். இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: வெயிலில் நிறுத்தினால் பேட்டரி நிறையும், நாம் வேகுவோம், புளியமரத்தடியில் நிறுத்தினால் நாம் பிழைப்போம், பேட்டரி பட்டினி கிடக்கும். பத்து மீட்டர் கம்பியோடு 100 வாட் மடக்குத் தகடு ஒன்றை வாங்கியபின் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. வண்டி நிழலில் நிற்க, தகடு மட்டும் வெயிலில் கிடக்கும். கூரைத் தகடுகளையும் நான்கு விரல் இடைவெளி விட்டு உயர்த்திப் பொருத்தினால், அவையே கூரைக்கு நிழலாகும்.

தண்ணீர்த் தொட்டி 80 லிட்டர். இருவருக்கு நாளுக்கு 25 லிட்டர் என்று பழகிக்கொண்டோம். குடிநீருக்கு 20 லிட்டர் கேன் தனி. கொங்குப் பகுதி போர் தண்ணீரின் உப்பு, பம்பின் வடிகட்டியில் வெள்ளையாகப் படிந்துவிடுவதால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எலுமிச்சை உப்புக் கரைசலை ஓடவிட்டுக் கழுவுகிறோம். கழிவறை பற்றி வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. முதலில் வாங்கிய கேசட் கழிவறை (கழிவுத் தொட்டியைத் தனியே கழற்றி எடுக்கக்கூடியது) மூன்று நாளில் நிறைந்துவிடும். அதைக் காலி செய்வதற்கு முறையான இடம் நம் சாலைகளில் அரிது. இப்போது சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிவறைக்கு மாறி, பொள்ளாச்சியிலிருந்து வாங்கிய தென்னை நார்த்தூளை ஒவ்வொரு முறையும் மேலே தூவுகிறோம். நாற்றம் இல்லை. ஊர் திரும்பியதும் மூடிய குழியில் ஓராண்டுக்கு மேல் மக்கவிட்டு, தென்னைக்கு மட்டும் போடுகிறோம். காய்கறிப் பாத்திக்கு ஒருபோதும் இல்லை. ஏரிக்கரையிலோ சாலையோரத்திலோ கொட்டுகிறவர்களால் வண்டியில் வாழும் எல்லோருக்கும் கெட்ட பெயர் வருகிறது. இதில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு.

புறப்படுமுன், தொட்டியை நிரப்பி, சாமான்களை ஏற்றி, இருவரும் உட்கார்ந்தபடி எடை மேடைக்குச் செல்லுங்கள். ஆர்.சி.யில் குறித்துள்ள மொத்த எடைக்கு 90 கிலோ மட்டுமே குறைவாக எங்கள் வண்டி இருந்தது. அன்றே இரண்டாவது அலமாரியைக் கழற்றினேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஒவ்வொரு கிலோவும் பிரேக்கில் தெரியும். இரண்டாம் கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். வண்டியின் உயரத்தைச் சூரியத் தகட்டோடு சேர்த்து அளந்து ஓட்டுநர் கண்ணெதிரே எழுதி ஒட்டுங்கள். ரயில்வே சுரங்கப் பாலங்களில் அது உதவும்.

இரவு தங்க நாங்கள் பெரிதும் நம்புவது நெடுஞ்சாலையில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க்குகளை. டீசல் போட்டு, மேலாளரிடம் அனுமதி கேட்டபின்தான் நிறுத்துகிறோம். உளுந்தூர்ப்பேட்டை அருகே ஒரு காவலாளி, "சார், விடிகாலை நாலு மணிக்கு டேங்கர் வரும். அந்த வேப்பமரத்துப் பக்கம் போட்டுக்குங்க, அம்மாவும் நிம்மதியா தூங்குவாங்க" என்று இடம் காட்டினார். அன்று முதல், டேங்கர் எப்போது வரும் என்று நாங்களே கேட்டுவிடுகிறோம். வறண்ட ஆற்று மணல் அழகாக இருந்தாலும் அதில் தங்குவதில்லை. மேலே அணை திறந்தால் மழையே இல்லாமல் தண்ணீர் வந்துவிடும். திம்பம், பந்திப்பூர் போன்ற காட்டுச் சாலைகள் இரவில் மூடப்படுவதால் மாலைக்குள் கடந்துவிடுமாறு திட்டமிட வேண்டும்.

சமையலில் ஒரு சிறு செய்தி: மலையில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், உதகையில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகிறது, குக்கர் இல்லாமல் ஏறாதீர்கள். தோசை மாவைப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றவும் வேண்டாம். ஏற்காட்டின் ஏழாவது வளைவில் எங்கள் குளிர்ப்பெட்டி முழுவதும் மாவு வழிந்து, கதவு ரப்பரின் மடிப்புகளைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்தெடுக்க ஒரு மாலை ஆனது.

ஐப்பசி பிறக்குமுன் கூரைத் திறப்பைச் சுற்றி நீர் கசியாமல் அடைத்துள்ள சிலிக்கோன் பூச்சை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நம் வெயிலில் அது நாளடைவில் வெடிக்கத் தொடங்கிவிடுகிறது. சென்ற வாரம் பார்த்தபோது வலது மூலையில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு இருந்தது. பழையதை முழுவதும் சுரண்டியெடுத்துப் புதிதாகப் பூசி, ஒரு நாள் காயவிட்டு, குழாய்த் தண்ணீரை அரை மணி நேரம் மேலே பாய்ச்சிப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை.