"டர்போ போச்சு" என்று சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள்: வேலூரில் எனக்கு நடந்தது

சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறவர்கள், டர்போ டீசல் கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாக வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். எனக்கு 46,800 ரூபாய் போயிருக்கிறது. அது எப்படிப் போனது என்று ஒன்று விடாமல் சொன்னால்தான் அடுத்தவருக்கு உதவும்.

என் வண்டி 2018 மாடல் பிக்கப், பிஎஸ் 4 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது), டர்போ டீசல். டர்போ என்பது புகை போகும் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற பாகம். நானேதான் ஓட்டுகிறேன். இலவம்பாடி, ஒடுகத்தூர் பக்கத்துத் தோட்டங்களில் கத்திரிக்காய் ஏற்றி விடிவதற்குள் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இறக்குவேன். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த முள்ளுக் கத்திரிக்காய்தான். மாதம் மூன்று நான்கு நடை பெங்களூருக்கும் போவேன். வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்.

போன ஏப்ரலில் தொல்லை ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு நொடி, ஒன்றரை நொடி சும்மா கிடந்து பிறகுதான் இழுக்கும். காலி வண்டியில் தெரியாது. லோடு ஏற்றிக்கொண்டு காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறும்போது நன்றாகத் தெரிந்தது. எப்போதும் மூன்றாவது கியரில் ஏறும் வண்டி, இரண்டாவது கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. பள்ளிகொண்டா டோலில் நின்று கிளம்பினால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்காத நாளில்லை. வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம், பெங்களூர் 900 மீட்டருக்கு மேல். கிருஷ்ணகிரி தாண்டி அந்த ஏற்றத்தில் லாரிகள்கூட என்னைத் தாண்டிப் போயின.

எங்கள் நைனா காலத்திலிருந்து டிராக்டர் வேலைக்குப் போகிற மெக்கானிக் ஒருவர் பள்ளிகொண்டாவில் இருக்கிறார். அவரிடம் போயிருக்கலாம். வேலூரில் பெரிய ஷெட், கம்ப்யூட்டர் ஸ்கேனர் எல்லாம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு அங்கே போனேன். பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் இல்லாமலே நீங்கள் கவனிக்க வேண்டியது இதில் நிறைய இருக்கிறது.

அங்கே மூன்று விஷயங்களைக் காட்டினார்கள். முதலில் ஸ்கேனரை மாட்டி, பி0299 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்திருப்பதைக் காட்டினார்கள். அடுத்து டர்போவிலிருந்து வருகிற பைப்பைக் கழற்றி உள்ளே விரலை விட்டு எடுத்தார் அந்த மெக்கானிக். விரல் நுனியில் கருப்பாக ஆயில். "பாருங்கண்ணா, டர்போ ஆயில் தள்ளுது." மூன்றாவதாக டர்போவின் வாய்க்குள் கைவிட்டு அந்த ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினார். லேசாக ஆடியது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். ஆடத்தான் செய்தது.

"இதை வெச்சிக்கினு பெங்களூர் லோடு போனீங்கன்னா ஆயில் உள்ள போயி இன்ஜின் தானா ரேஸாகி வெடிச்சிரும். அப்புறம் ரெண்டு லட்சம் செலவு. இப்பவே டர்போவ மாத்திருங்க."

பயந்துபோனேன். கண்ணால் பார்த்தாகிவிட்டது, கையால் தொட்டாகிவிட்டது, இனி என்ன சந்தேகம் என்று சரி சொல்லிவிட்டேன். ஒரே ஒரு காரியம் மட்டும் செய்தேன். சென்னை ஜிபி ரோடில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை செய்யும் நண்பனிடம் விலை கேட்க, டர்போ மேல் ரிவெட் அடித்திருக்கும் சின்னத் தகட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். அந்த ஒரு போட்டோதான் இன்று எனக்குக் கையில் இருக்கும் சாட்சி.

மூன்று நாள் கழித்து வண்டி கொடுத்தார்கள். இன்ஜினில் டர்போ பளபளவென்று வெள்ளியாக மின்னியது. பழைய டர்போ எங்கே என்று கேட்டேன். "அது எக்ஸ்சேஞ்சுல போயிருச்சுண்ணா, அதான் உங்களுக்கு ரேட்டு கம்மி" என்றார்கள். 30,000 ஜிபேயில், 16,800 கையில் கொடுத்தேன். கொடுத்த தாளில் மேலே "எஸ்டிமேட்" என்றுதான் அச்சடித்திருந்தது. ஜிஎஸ்டி நம்பர் இல்லை, பார்ட் நம்பர் இல்லை. "டர்போ அசெம்பிளி 1" என்று பேனாவில் எழுதியிருந்தது. வண்டி இழுத்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

சரியாக ஒன்பது நாள். பத்தாம் நாள் ஒடுகத்தூரிலிருந்து லோடோடு வரும்போது பழையபடி அதே மந்தம், அதே கரும்புகை. கூடவே மிதிக்கும்போதெல்லாம் "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம். வண்டியை நேராகப் பள்ளிகொண்டாவுக்கு ஓட்டினேன்.

அந்தப் பள்ளிகொண்டா மெக்கானிக் பெரியவர் போனட்டைத் திறந்தாரே தவிர எதையும் கழற்றவில்லை. முதலில் என்னை உட்கார வைத்துக் கேட்டார். "புகை என்னா கலர்? ஆயில் அளவு கொறையுதா? காலி வண்டில இருக்கா, லோடுல மட்டும்தானா?" கரும்புகை, ஆயில் குறையவில்லை, லோடில் மட்டும் என்றேன். "அப்படின்னா காத்து பத்தல தம்பி. டீசல் போவுது, அதுக்குத் தக்க காத்து போவல. காத்து எங்க போவுதுன்னு பாப்போம்."

டர்போ வாயில் இருந்த ரப்பரை எடுத்துவிட்டு, வால்வு வைத்த ஒரு மூடியைப் போட்டு கிளாம்ப் இறுக்கினார். கம்ப்ரசரில் ரெகுலேட்டரைக் குறைத்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஏற்றினார். 15 பவுண்டுக்கு மேல் போகவில்லை. டயருக்கு அடிக்கிற மாதிரி முழு வேகத்தில் விட்டால் சீல்கள் கெட்டுவிடும் என்றார். பிறகு சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஜாயின்டாக ஊற்றிக்கொண்டே வந்தார். டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்புக்கு ஒரு விரல் தள்ளி, நுரை பொங்கிக்கொண்டு வந்தது.

ஹோஸைக் கழற்றிக் கையில் கொடுத்தார். அதில் கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. நான்கு சுற்று. சூட்டில் பசை இளகி, ஆயிலும் பட்டு, வழவழவென்று விலகியிருந்தது. டேப்பைப் பிரித்தால் உள்ளே நான்கு அங்குலத்துக்குக் கிழிசல். கையில் சும்மா வைத்திருந்தால் உதடு மூடின மாதிரி ஒட்டிக்கொள்கிறது, இரண்டு பக்கமும் பிடித்து வளைத்தால் வாய் திறக்கிறது.

அந்த டேப்பை நான் சுற்றவில்லை. அந்தப் பைப்பைக் கடைசியாகக் கழற்றியது அந்த ஷெட்காரர்கள்தான். அதாவது கிழிசலைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு டேப் சுற்றி மறைத்து, டர்போவுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். தெரியாமல் தப்பாகச் சொல்லியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். தெரிந்தே செய்ததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அதோடு முடியவில்லை. "புது டர்போவா இது?" என்று கேட்டுக்கொண்டே பெரியவர் துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டு அந்தத் தகட்டைத் துடைத்தார். வெள்ளி பெயின்ட் போய் எண்கள் தெரிந்தன. என் போனில் இருந்த போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். பார்ட் நம்பர் ஒரே மாடலுக்கு ஒன்றாகத்தான் இருக்கும், அது கணக்கில்லை. சீரியல் நம்பர் ஒவ்வொரு டர்போவுக்கும் வேறு. அந்த சீரியல் நம்பரும் ஒன்றேதான். என் டர்போவையே கழுவி, பெயின்ட் அடித்து, எனக்கே விற்றிருக்கிறார்கள்.

அவர்கள் காட்டிய மூன்று அத்தாட்சிகளைப் பற்றி பெரியவரிடம் கேட்டேன். இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பி0299 என்றால் "கேட்ட அளவு பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) வரவில்லை" என்று மட்டும்தான் அர்த்தம். டர்போ செத்துவிட்டது என்று அந்தக் கோடு சொல்வதில்லை. ஹோஸ் கிழிந்தாலும், இன்டர்கூலர் ஓட்டையானாலும், புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுகிற ஈஜிஆர் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் அதே கோடு வரலாம். பைப்புக்குள் ஆயில் ஈரம் இருப்பது சகஜம். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் பைப் டர்போ வாயில்தான் வந்து சேர்கிறது, அந்த ஆயில் ஆவி உள்ளே படியும். விரலில் ஒட்டினால் பயமில்லை, பைப்பைச் சாய்த்தால் வழிந்து ஊற்றினால்தான் பயப்பட வேண்டும். ஷாஃப்ட் ஆடியதும் அப்படித்தான். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அது ஆயில் படலத்தின் மேல் மிதந்து ஓடுகிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது பக்கவாட்டில் மயிரிழை ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் இழுத்தால் ஆடக்கூடாது, ஆட்டும்போது பிளேடு சுவரில் உரசக்கூடாது. எனக்குப் பக்கவாட்டு ஆட்டத்தை மட்டும்தான் காட்டினார்கள்.

டர்போ நிஜமாகவே போவதும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அப்போது பெரும்பாலும் நீலப்புகை வரும், டிப் ஸ்டிக்கில் ஆயில் இறங்கும், சைரன் மாதிரி ஊளையிடும் சத்தம் கேட்கும். என் வண்டியில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

புது ஹோஸ் 1,850 ரூபாய். இரண்டு கிளாம்ப் 240. கூலி 500 கேட்டார். போட்டதும் காலி வண்டியில் பார்க்காமல், அந்த லோடோடவே என்னை ஹைவேயில் ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஸ்கேனரோடு உட்கார்ந்தார். அவரிடமும் ஸ்கேனர் இருந்தது, போனில் வேலை செய்கிற சின்னது. ஹோஸ் மாற்றுவதற்கு முன் இதே மாதிரி ஓட்டியபோது இன்ஜின் கேட்ட பூஸ்ட் 210 கிலோ பாஸ்கல், கிடைத்தது 140. இதில் காற்று மண்டல அழுத்தமே 100 வரும். மாற்றிய பிறகு 205 கிடைத்தது. ஷெட்டில் நிறுத்தி வைத்து ரேஸ் பண்ணினால் லோடு இல்லாததால் டர்போ பெரிதாகக் காற்றே அழுத்தாது, இந்தக் கிழிசல் வாயும் திறக்காது. வேலூர் வெயிலில் ரப்பர் இளகி, லோடில் அழுத்தம் ஏறும்போதுதான் திறக்கும். அதனால் நின்ற இடத்தில் சோதித்து டர்போ மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

புகையே இல்லாமல் மந்தமாக இருந்தால் கதை வேறு. டீசல் ஃபில்டர் அடைப்பு, ஆக்சிலேட்டர் பெடல் சென்சார் என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்றார். ஏர் ஃபில்டரை எந்த வண்டியாக இருந்தாலும் முதலில் பார்த்துவிடுங்கள், அதற்குக் காசே இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி இருப்பதால் கரும்புகை வெளியே தெரியாமல் போகலாம். அவற்றில் பூஸ்ட் அளவைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது.

ஹோஸையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு அந்த ஷெட்டுக்குப் போனேன். பழைய தகட்டைக் கழற்றிப் புது டர்போவில் ரிவெட் அடித்தோம், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்றார்கள். டேப்பைக் காட்டியதும் முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார். வெளியே வரும்போது அங்கே வேலை செய்யும் ஒருவர், "மஞ்சள் போர்டு வண்டிண்ணா, கன்சூமர் கோர்ட்ல எடுக்கவே மாட்டாங்க, வீணா அலையாதீங்க" என்றார்.

அது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவரை வியாபாரக் கணக்கில் தள்ளிவிட முடியாது. நானே ஓட்டி நானே பிழைக்கிறேன், எனக்கு உரிமை உண்டு. 5 லட்ச ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே கொடுக்கலாம், ஆன்லைனிலும் கொடுக்கலாம். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், தமிழிலேயே பேசினார்கள். அதற்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எழுத்தில் கொடுத்தேன். ஜிபேயில் அனுப்பிய 30,000-க்குக் கணக்கு இருக்கிறது. கையில் கொடுத்த 16,800-க்கு அந்த எஸ்டிமேட் தாள் தவிர ஒன்றும் இல்லை. முழுவதையும் ஜிபேயிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

உங்களில் யாருக்காவது இதே மாதிரி நடந்து, "எஸ்டிமேட்" என்று போட்ட தாள் கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். வேலைக்கு விடும் முன் டர்போ தகட்டை, ஹோஸ்களை, பேட்டரியைப் போட்டோ எடுத்து வையுங்கள். பழைய சாமானைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள், எக்ஸ்சேஞ்ச் என்றால் கழற்றியதைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்.

என் கிழிந்த ஹோஸை அந்த டேப்போடு ஒரு கவரில் போட்டு, வண்டி டாஷ்போர்டு சூட்டில் இன்னும் இளகிவிடக் கூடாது என்று வீட்டில் அரிசி டிரம் மேல் வைத்திருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிடும் நாளில் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.