பீம்ஃபார்மிங்: சிப் கணக்குப் போடுவதா, ஆன்டெனா மாறுவதா?

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் எந்த வைஃபை ரௌட்டர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலும் 'பீம்ஃபார்மிங்' என்று அச்சிட்டிருக்கும். கடைக்காரர் சொல்லாமல் விடுவது, அலையை ஒரு பக்கம் குவிக்க இரண்டு வழிகள் உண்டு என்பதை.

கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சிப் வழி. ஆன்டெனாக்கள் நாலா பக்கமும் பரப்பும் சாதாரண வகைதான். ஒரே சிக்னலை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முன்பின்னாக அனுப்பி, உங்கள் கைத்தொலைபேசி இருக்கும் இடத்தில் அலைகள் ஒன்றுகூடும்படி செய்கிறது சிப். 2009-இல் வந்த 802.11என் என்ற வைஃபை தரத்தில் இதற்குப் பல முறைகள் இருந்ததால், ஒருவர் செய்த ரௌட்டரும் இன்னொருவர் செய்த லேப்டாப்பும் ஒத்துப்போகவில்லை. 2013-இல் 802.11ஏசி ஒரே முறைக்குக் கொண்டுவந்தது: ரௌட்டர் தகவல் ஏதுமில்லாத ஒரு பாக்கெட்டை (தரவுப் பொட்டலத்தை) அனுப்பும்; அலை வந்த பாதை எப்படி என்று கருவி அளந்து பதில் சொல்லும். அப்படிப் பதில் சொல்லத் தெரியாத பழைய கருவிக்கு இதனால் பயனில்லை. கையில் போனோடு நடப்பவருக்கும் அளவு சீக்கிரமே பழசாகிவிடும். இன்னொன்று, இரண்டு ஆன்டெனாவுக்குக் கிடைக்கும் ஆதாயமே ஏறக்குறைய 3 டெசிபெல்தான் (டெசிபெல் என்பது சிக்னல் வலிமையை ஒப்பிடும் அளவு). இரண்டிலும் தனித்தனித் தரவை அனுப்பத் தொடங்கினால் அதுவும் பெரும்பாலும் கரைந்துவிடும்.

மற்ற வழியில் ஆன்டெனாவே மாறுகிறது. பெட்டிக்குள் சின்னச் சின்ன உலோகப் பட்டைகள். எவை இயங்க வேண்டும் என்பதை மின் சுவிட்சுகள் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாற்றும். ரக்கஸ் நிறுவனத்தின் 'பீம்ஃப்ளெக்ஸ்' இந்த வகையில் பேர்போனது. எந்த அமைப்பில் அனுப்பியபோது பாக்கெட் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்த்துப் பார்த்தே அது கற்றுக்கொள்கிறது. கருவியிடம் எதுவும் கேட்பதில்லை. பத்து வருஷத்துப் போனுக்கும் பலன் உண்டு. வேண்டாத திசையில் அலை குறைவதால் அண்டை வீட்டு வைஃபைக்கும் இடைஞ்சல் குறையும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் முழுக்க அந்த மூன்றைத்தான் பங்குபோட வேண்டும் என்பதால் இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. ஆனால் விலை அதிகம். பெரும்பாலும் அலுவலக அக்சஸ் பாயிண்ட்களில்தான் (கேபிளில் இணைத்து வைஃபை பரப்பும் கருவிகளில்) பார்க்க முடியும். சிப் வழியையும் சேர்த்தே செய்யும் கருவிகள் உண்டு.

5ஜி கோபுரம் வேறு ரகம். இங்கே அது பயன்படுத்தும் 3.5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் எட்டரை சென்டிமீட்டர்தான். அதனால் சிக்னலைத் தனித்தனியே அனுப்பிப் பெறும் 64 தடம் கொண்ட ஆன்டெனாப் பலகைகூட ஒரு கம்பத்தில் அடங்கிவிடுகிறது. போவதும் வருவதும் ஒரே அலைவரிசையில் என்பதால், போன் அனுப்பும் சிக்னலை வைத்தே திசையைக் கணக்கிடலாம்.

வீட்டுக்கு வருவோம். 1990களின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் பாம் ஷெல்டர் என்னும் பாதுகாப்பு அறை இருக்கிறது. தடித்த கான்கிரீட், உள்ளே கம்பி, இரும்புக் கதவு. ரௌட்டரைக் கண்ணில் படாமல் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் இரண்டு வழியும் தோற்கும், 3 டெசிபெல் அந்தச் சுவருக்கு எந்த மூலைக்கு? ஆகவே வீட்டுக்குச் சாதாரண ரௌட்டரே போதும். மிச்சப் பணத்தில் கேபிள் இழுத்துப் படுக்கையறைப் பக்கம் இரண்டாவது அக்சஸ் பாயிண்ட் வையுங்கள். அறைக்கு அறை டேட்டா பாயிண்ட் (சுவரிலேயே நெட்வொர்க் கேபிள் இணைப்பு) உள்ள பிடிஓ வீடென்றால், அதாவது முன்பதிவின் பேரில் வீவக கட்டித்தரும் புது வீடென்றால், கேபிள் வேலையும் மிச்சம்.

துணைப்பாட நிலையம், கோயில் திருமண மண்டபம் போல ஒரே கூடத்தில் பல வயதுப் போன்கள் கூடும் இடத்துக்கு, ஆன்டெனா மாறும் வகைக்கே என் ஓட்டு. அதையும் கூரையில், கூட்டம் தெரியும்படி மாட்டச் சொல்லுங்கள்.