வீட்டு சோலாரைக் கண்காணிக்கும் மென்பொருள்கள்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

கூரையில் சோலார் அமைக்க முடிவு செய்பவர்கள் பேனலின் வாட், பேனலில் விளையும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரின் விலை, மானியம் ஆகியவற்றைத் துருவித் துருவி விசாரிக்கிறார்கள்; இன்வெர்ட்டரோடு வரும் கண்காணிப்பு மென்பொருளைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. 2024 பிப்ரவரியில் பிஎம் சூர்ய கர் திட்டம் தொடங்கி, 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மத்திய மானியம் கிடைக்க ஆரம்பித்த பிறகு உறவினர்கள் பலர் என்னிடம் யோசனை கேட்டனர். இன்வெர்ட்டர் அளக்கும் விவரங்களை, உற்பத்தியாளரின் சர்வர் வழியாக அல்லாமல், வீட்டிலிருந்தபடியே நேராகப் படிக்க முடியுமா என்பதை முதலில் கேளுங்கள் என்பதே அவர்கள் அனைவருக்கும் நான் சொல்லும் பதில்.

திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் எங்கள் வீட்டில் 3 கிலோவாட் ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர், அதாவது வரிசையாக இணைத்த பேனல்களுக்கெல்லாம் பொதுவான ஒரே இன்வெர்ட்டர், ஓடுகிறது. அதில் செருகிய வைஃபை ஸ்டிக் என்ற சிறு கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை விவரங்களை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்ப, அங்கிருந்து கைபேசிச் செயலி அவற்றைக் காட்டுகிறது. இந்த ரகத்தில் கிடைக்கும் பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் இதே முறையில் இயங்குவதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்ல அவசியமில்லை. செயலி பார்வைக்கு அழகாகவே இருக்கிறது. இன்றைய உற்பத்தி, மாத உற்பத்தி, தவிர்க்கப்பட்ட கரியமில வாயு என்று எல்லாம் வரும். ஆனால் நிறுவியவர்கள் கணக்கைத் தங்கள் பெயரில் திறந்து, நேர மண்டலத்தையும் சீன நேரத்திலேயே விட்டுவிட்டதால், எங்கள் வீட்டு நண்பகல் வரைபடத்தில் பிற்பகல் இரண்டரை மணியாகத் தெரிந்தது. கணக்கின் உரிமையாளர் அவர்கள், நான் வெறும் பார்வையாளர் என்பதால் அதைத் திருத்தும் அனுமதிகூட எனக்கு இல்லை. ஸ்டிக் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும் என்பதால் ரவுட்டரை மாற்றியதும் இணைப்பு அறுந்தது. அந்த இடைவெளியில் விளைந்த யூனிட்டுகள் மொத்தக் கணக்கில் சேர்ந்தனவே தவிர, அந்நாட்களின் வரைபடம் திரும்பக் கிடைக்கவில்லை.

இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வெயில் சுட்டெரிக்கும் நாட்களிலும் உற்பத்தி குறைந்தபோதுதான் செயலியின் போதாமை முழுதாகப் புரிந்தது. தமிழகத்தில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் என்பது பொதுவான கணக்கு; அதன்படி 12 யூனிட் வரவேண்டிய நாட்களில் அதற்கு மிகக் குறைவாகவே வந்தது. செயலியில் எந்தப் பிழையும் இல்லை. நிறுவியவர்கள் பேனலைக் கழுவிப் பார்க்கச் சொன்னார்கள், கழுவியும் மாற்றமில்லை. இன்வெர்ட்டரின் அடியில் இருக்கும் ஆர்எஸ்485 என்ற தகவல் தொடர்பு முனையிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்து, யூஎஸ்பி மாற்றி வழியாக ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் இணைத்து, ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருளில் சில நொடிக்கு ஒருமுறை படிக்கத் தொடங்கிய பிறகே காரணம் வெளிப்பட்டது. பக்கத்துத் தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரம் நின்று மோட்டார்கள் ஓயும் வேளையில் எங்கள் லைனின் வோல்டேஜ் படிப்படியாக ஏறி, இன்வெர்ட்டரில் வைத்திருந்த உச்ச வரம்பைத் தாண்டியது. உடனே இன்வெர்ட்டர் மின்வலையிலிருந்து விலகிக்கொண்டது.

இன்வெர்ட்டர் விலகியது சரிதான். மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மின்வலையின் வோல்டேஜ் 80 முதல் 110 சதவீதம் என்ற எல்லையைத் தாண்டினால் 2 நொடிக்குள் இன்வெர்ட்டர் துண்டித்துக்கொள்ள வேண்டும். மீண்டும் சேர்வதற்கு முன் வோல்டேஜ் குறைந்தது 60 நொடி நிலையாக இருக்க வேண்டும். இப்படி விலகுவதும் சேர்வதும் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைக்கும் வரைபடமோ பாதிக்கு மேற்பட்ட துண்டிப்புகளை விழுங்கிவிடுகிறது. நொடிவாரியான வோல்டேஜ் வரைபடத்தை அச்செடுத்துப் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் காட்டியதும், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை ஒரு படி இறக்கினார்கள். அதன் பிறகு மதிய உற்பத்தி சீரானது. இந்தத் துல்லியம் இல்லாமல் நான் எதைச் சொல்லியிருந்தாலும் அது வெறும் ஊகமாகவே இருந்திருக்கும்.

மைத்துனரின் தோட்ட வீட்டில் பேட்டரியோடு கூடிய விக்ட்ரான் நிறுவனச் சாதனங்கள் உள்ளன. விலை கூடுதல்தான், ஆனால் மென்பொருள் ஆதரவில் நான் பார்த்தவற்றுள் அதற்கே முதலிடம் தருவேன். அங்கே இணையம் அடிக்கடி போகும். ஆயினும் பேட்டரிக்கு மின்சாரம் ஏறுவதை முறைப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரே கடந்த 30 நாள் வரலாற்றைத் தன்னுள் வைத்திருப்பதால், புளூடூத்தில் கைபேசியை இணைத்து எந்த நாளில் எவ்வளவு விளைந்தது, பேட்டரி எந்த அளவுவரை இறங்கியது என்பதை அங்கேயே நின்று பார்த்துவிடலாம். சாதனத்துக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் கோப்புகள் செயலியோடு வந்துவிடுவதால் இணையம் இல்லாத தோட்டத்திலும் புதுப்பிக்க முடிகிறது. சாதனம் பேசும் மொழியை, அதாவது எந்தக் குறியீடு எந்த அளவைக் குறிக்கிறது என்ற ஆவணத்தை, நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. மைய அலகில் ஓடும் வீனஸ் இயங்குதளத்தின் பெரும்பகுதி திறந்த மூலமாக, அதாவது நிரலை யாரும் பார்க்கும்படி, கிடைக்கிறது. அதை ராஸ்பெர்ரி பையிலும் ஏற்றிக்கொள்ளலாம். நாளை அந்த நிறுவனம் தன் இணையதளத்தை மூடினாலும் தோட்டத்துச் சாதனங்களை வாசிக்க வழி இருக்கும்.

பெங்களூரு நண்பரின் ஃப்ரோனியஸ் இன்வெர்ட்டரும் இதே வகையைச் சேர்ந்தது. வேறு மென்பொருள்களுக்கு வீட்டு நெட்வொர்க்கிலேயே விவரம் தரும் சோலார் ஏபிஐ என்ற வசதி அதில் இருக்கிறது. புதிய மாடல்களில் அதை அமைப்புப் பக்கத்தில் நாமே இயக்க வேண்டும். ஒவ்வொரு பேனலின் உற்பத்தியையும் தனித்தனியே காட்டுவது பேனலுக்கு ஒன்றாகப் பொருத்தும் என்ஃபேஸ் மைக்ரோ இன்வெர்ட்டரின் பெரிய பலம்; தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்தப் பேனலில் விழுகிறது என்பதைக் கூரைக்கு ஏறாமலே அறியலாம். ஆனால் அதன் ஃபர்ம்வேர் 7ஆம் பதிப்புக்கு மாறியதிலிருந்து, விவரங்களைத் திரட்டும் கேட்வே என்ற வீட்டுக் கருவியைப் படிக்கவும் நிறுவனக் கணக்கிலிருந்து டோக்கன் என்ற அனுமதிக் குறியீட்டைப் பெற்றாக வேண்டும். உரிமையாளருக்குக் கிடைக்கும் டோக்கன் ஓராண்டு வரை செல்லும். பாதுகாப்புக்காகச் செய்தது என்றாலும், வீட்டுக்குள் இருக்கும் கருவிக்கு வெளியிலிருந்து அனுமதி பெறுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாதுகாப்புக் கவலையில் நியாயம் உண்டு. 2025 மார்ச்சில் ஃபோர்ஸ்கவுட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சன்குரோ, குரோவாட், எஸ்எம்ஏ ஆகிய மூன்று இன்வெர்ட்டர் நிறுவனங்களின் சாதனங்களிலும் அவற்றின் சர்வர் சேவைகளிலுமாக 46 பாதுகாப்புக் குறைபாடுகளை வெளியிட்டனர். இன்வெர்ட்டரை வீட்டுக் கணினிகளிலிருந்து பிரித்து விருந்தினர் வைஃபையில் வைப்பதும், நிறுவியவர் வைத்த கடவுச்சொல்லை உடனே மாற்றுவதும் எல்லோராலும் முடியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இன்வெர்ட்டர் தன் உற்பத்தியை மட்டுமே அறியும்; மெயின் லைனில் மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சிடி கிளாம்ப்போ ஸ்மார்ட் மீட்டரோ பொருத்தாவிட்டால் வீட்டின் செலவு அதற்குத் தெரியாது. அது இல்லாதவர்கள் இருவழி மீட்டரின் இறக்குமதி (மின்வலையிலிருந்து வாங்கியது), ஏற்றுமதி (மின்வலைக்குக் கொடுத்தது) அளவுகளை வாரம் ஒருமுறை குறித்துக்கொண்டு, உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி ஏற்றுமதியைக் கழித்தால் வீட்டின் உண்மையான செலவு வந்துவிடும். நான் மீட்டர் அளவுகளையும் நாள்வாரி உற்பத்தியையும் மாதக் கடைசியில் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கிறேன். பேனலுக்குப் பொதுவாக 25 ஆண்டு செயல்திறன் உத்தரவாதம் தருகிறார்கள், இன்வெர்ட்டர் அதற்குள் ஒருமுறையாவது மாறும். அப்படி மாறும்போது பழைய செயலிக் கணக்கின் வரலாறு புதிய கணக்குக்கு வராமல் போகலாம். உத்தரவாதம் கோர வேண்டிய நிலை வந்தால் ஆண்டுவாரியான சரிவைக் காட்ட அந்தக் கோப்புதான் என் கையில் இருக்கும்.