செடித் தொட்டியும் பாசியும்: இரண்டு ஆண்டு அனுபவம்

செடி வளர்க்கும் மீன் தொட்டிக்கு முதலில் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டால், விளக்குக்கு ஒரு டைமர் என்றுதான் சொல்வேன். பாசியைக் கொல்லும் மருந்துப் புட்டிகளுக்கு நான் கொட்டிய பணத்தில் நான்கு டைமர் வாங்கியிருக்கலாம்.

கோவையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருப்பது இரண்டடி நீளத் தொட்டி. மண்ணும் கல்லும் போக 55 லிட்டர் தண்ணீர் நிற்கும். அடியில் ஓர் அங்குலம் செம்மண், அதில் இரண்டு பிடி மண்புழு உரம், மேலே இரண்டு அங்குலம் பொடிக்கல். விளக்கு 18 வாட் எல்இடி, 6500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைக்கவில்லை. உரத்திலிருந்து வரும், மீனுக்கு விஷமான அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா பெருக வேண்டும் என்பதால் ஐந்து வாரம் கழித்துத்தான் கப்பி மீன்களை விட்டேன்.

தினமும் பத்து மணி நேரம் விளக்கு எரியட்டும் என்றார் கடைக்காரர். எரியவிட்டேன். இரண்டாம் வாரம் கண்ணாடியில் பழுப்புத் தூள் படிந்தது. அது டயாட்டம் என்ற நுண்பாசி, புதுத் தொட்டியில் வரும், தானாகவே போய்விடும். அதற்குப் பின் வந்ததுதான் கொடுமை. வாலிஸ்னேரியா இலைகளெங்கும் தலைமுடி போன்ற பச்சை இழை. பழைய பல் பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுழற்றினால் நூற்கண்டு போலச் சுற்றிக்கொண்டு வரும். நான்காம் நாள் பார்த்தால் மீண்டும் அதே அளவு நிற்கும்.

கோபியில் நெல்லும் மஞ்சளும் வைக்கும் என் மாமனார் ஒரு நாள் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏனுங்க மாப்பிள்ளை, பயிரே இல்லாத வயலுக்கு இத்தனை எரு எதுக்குங்க?” என்றார். அப்போது உள்ளே இருந்தவை ஐந்தே செடிகள்.

அவர் சொன்னது சரி. வெளிச்சம் கூடினால் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடும் கூடுதலாக வேண்டும். அது கிடைக்காதபோது செடி வளர்ச்சி நின்றுவிடும், மிஞ்சிய சத்தும் வெளிச்சமும் பாசிக்குப் போகும். டைமர் வைத்து விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்து அரையடி உயர்த்தினேன். வேகமாக வளரும் ஹைக்ரோபிலாவை நெருக்கி நட்டேன். மேலே சால்வினியா மிதக்கவிட்டேன். அதன் இலை காற்றில் இருப்பதால் கார்பன் டை ஆக்சைடுக்குப் பஞ்சமில்லை. இரண்டு மாதத்தில் இழைப்பாசி அடங்கியது.

அனுபியாஸ் இலை ஓரங்களில் மட்டும் கருந்தாடிப் பாசி ஒட்டிக்கொண்டிருந்தது. பில்டரை நிறுத்திவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து அந்தக் குஞ்சத்தின் மேலேயே மெல்ல விட்டேன். பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. மூன்றாம் நாள் கறுப்பு இளஞ்சிவப்பாகி, பிறகு வெளுத்து உதிர்ந்தது. ஒரு நாளில் மொத்தம் 5 மில்லிக்கு மேல் விட்டதில்லை. அனுபியாஸையும் நிழலுக்கு மாற்றிவிட்டேன்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. கோவைக்குக் குடிநீராக வரும் சிறுவாணித் தண்ணீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. அதை மட்டும் ஊற்றியபோது நத்தைகளின் ஓடு வெள்ளை வெள்ளையாக அரித்தது. இப்போது மூன்று குடம் சிறுவாணித் தண்ணீருக்கு ஒரு குடம் போர்வெல் உப்புத் தண்ணீர் என்று கலந்து, ஒரு நாள் வைத்திருந்து, வாரம் 15 லிட்டர் மாற்றுகிறேன். ஓடு அரிப்பது நின்றுவிட்டது. கோடையில் ஆவியாகிக் குறைவதை ஈடுகட்டச் சிறுவாணி மட்டுமே ஊற்றுகிறேன், ஏனென்றால் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கும். மே மாதத்தில் தொட்டி 32 டிகிரிக்குப் போனபோது மேலே ஒரு சிறு மின்விசிறி வைத்தேன். மூன்று டிகிரி இறங்கியது.

மேற்குச் சன்னல் பக்கக் கண்ணாடியில் மட்டும் இன்னமும் கெட்டியான பச்சைப் புள்ளிகள் வருகின்றன. மாலை வெயில் நேராக அங்கேதான் விழுகிறது. ஞாயிறுதோறும் பிளேடால் சுரண்டுகிறேன்; இந்த மாதம் அந்தச் சன்னலுக்குத் தடித்த திரை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.