பரம்பரைக் கொழுப்புக்குத் தனிப்பட்ட வழிகாட்டல்: மூன்று வருட அனுபவம்

முதல் ரத்தப் பரிசோதனையில் என் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 262. அப்போது வயது 34, ஒல்லியான உடம்பு, புகைப்பழக்கம் கிடையாது. எல்லோருக்கும் கொடுக்கும் ஓர் உணவுத் தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதம் அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தேன். வந்தது 238. ஒளித்து ஒளித்துச் சாப்பிடுகிறேனோ என்பதுபோல் பார்த்த அந்தப் பார்வையை மறக்க முடியவில்லை.

வேறொரு மருத்துவர்தான் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். அப்பாவுக்கு 45 வயதில் மாரடைப்பு. என் குதிகாலுக்கு மேலே தசைநாண் தடித்திருந்தது, அதுவும் பரம்பரைக் கொழுப்பின் அடையாளமாம். மரபணுச் சோதனை மிச்சத்தைச் சொல்லிவிட்டது. ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பைக் கல்லீரல் இழுத்துக்கொள்ள ஏற்பிகள் வேண்டும். எனக்கு அவற்றில் ஏறக்குறைய பாதி பிறவியிலேயே வேலை செய்வதில்லை. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறதாம்.

அந்த மருத்துவர் சொல்லித்தான் இந்தத் தனிப்பட்ட உணவு வழிகாட்டலில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் மாதமொரு சந்திப்பு, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று. முதல் நாளே டயட்டீஷியன் சொன்னது: "சாப்பாட்டால் மட்டும் இது இறங்காது. மாத்திரைதான் முதல் வேலை, சாப்பாடு அதற்குத் துணை." அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அதுவரை என் மேல்தான் தப்பு என்று நினைத்திருந்தேன்.

ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதச் சொன்னார். நான் பயந்து விட்டிருந்த முட்டை பெரிய பிரச்சினையே இல்லை. மாலையில் தின்ற வெண்ணெய் பிஸ்கட்டும், வடிகட்டாமல் குடித்த காபியும்தான் கண்ணில் பட்டன. வடிகட்டாத காபியில் உள்ள கஃபெஸ்டால் எல்டிஎல்லை ஏற்றும். காகித வடிதாளில் பெரும்பகுதி தங்கிவிடும். காபியை விட வேண்டியிருக்கவில்லை, வடிதாளுக்கு மாறினால் போதும். காலையில் 75 கிராம் ஓட்ஸ், அதில் கொழுப்பைக் குறைக்க உதவும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து சுமார் 3 கிராம். கெட்ட கொழுப்பைக் குறைக்கச் சாப்பாட்டோடு சேர்க்கும் தாவர ஸ்டெரால் மட்டும் எனக்குச் சரிப்படவில்லை. தினமும் 2 கிராம் கணக்குப் பார்ப்பது சலித்துப்போய் விட்டுவிட்டேன். அதற்காக யாரும் கடிந்துகொள்ளவில்லை.

ஒருமுறை தொடை வலி வந்தது. கொழுப்பைக் குறைக்க நான் எடுக்கும் ஸ்டேட்டின் மாத்திரையால்தான் என்று நிறுத்தப் போனேன். "வலி எப்போது தொடங்கியது?" என்று டயட்டீஷியன் கேட்டார். யோசித்தால், புதிதாக எடை தூக்கப் பழகிய மறுநாள். நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டச் சொன்னார். ஒரு வாரத்தில் வலி போய்விட்டது. இந்த ஒரு கேள்விக்காகவே நான் இதைப் பரிந்துரைப்பேன்.

ஸ்டேட்டினில் எல்டிஎல் 118, எசெடிமைப் என்ற இன்னொரு மாத்திரை சேர்ந்ததும் 94. இந்த ஒரு வருடமாக 85க்கும் 90க்கும் நடுவில் நிற்கிறது. உடற்பயிற்சி இந்த எண்ணைப் பெரிதாகக் குறைக்காது, அது ரத்த அழுத்தத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் நல்லது என்று முதலிலேயே சொன்னதால் ஏமாற்றம் இல்லை.

குறையும் உண்டு. கூடக் கொடுத்த செயலி எடையைக் குறைக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருக்கும். என் பிரச்சினை எடையே இல்லை. குழந்தைகளுக்கென்று தனியாக எதுவும் கிடையாது என்பதுதான் பெரிய குறை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. என் மகளுக்கு 9 வயது, அவளுக்கும் இருக்கிறது. சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படாமல் அவளை வளர்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறேன். அடுத்த சந்திப்புக்கு அவளையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள்.