மதுரை வெயிலுக்கு மாடிச் சுண்ணாம்பும் பி.எல்.டி.சி. மின்விசிறியும்: பயன்படுத்திப் பார்த்தவரின் மதிப்புரை

மதுரையில் மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்குக் கோடையின் கொடுமை உச்சி வேளையில் தெரிவதைவிட இரவு எட்டு மணிக்கு மேல்தான் அதிகமாகத் தெரியும். பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி அந்த வெக்கையையே சுழற்றி வீசுகிறது. பொறுக்க முடியாமல் தவணையில் ஏ.சி. வாங்குகிறோம், அடுத்த கணக்கெடுப்பில் மின்சாரம் 500 யூனிட்டைத் தாண்டி நிற்கிறது. சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு என்றாலே லட்ச ரூபாய்ச் செலவு என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். என்னுடைய கருத்து வேறு. மதுரை வீட்டில் முதல் செலவு மொட்டை மாடிக்கும், அடுத்த செலவு மின்விசிறிக்கும் போக வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த இரண்டையும் எங்கள் வீட்டில் சில கோடைகளாகப் பயன்படுத்தி வருவதால், அவற்றின் நிறை குறைகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுண்ணாம்பு. வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பாசியும் அழுக்கும் ஏறிக் கறுத்துப்போன சிமெண்ட் தளம் அதில் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்ளும். இப்படிக் கூரையை வெள்ளையாக்கும் குளிர்கூரை முறையால் அறை வெப்பம் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்பது பல இடங்களில் அளந்து பார்க்கப்பட்ட செய்தி. இதற்கு விலை உயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. நாயக்கர் மகாலின் பருத்த தூண்களையும் வளைவுகளையும் போர்த்தியிருக்கும் வெண்சுதையும் சுண்ணாம்பால் ஆனதுதான். 1636-இல் எழுந்த அந்தக் கட்டடத்துக்குள் சித்திரை வெயிலில் நுழைந்தவர்களுக்கு, தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் வெள்ளைப் பூச்சும் சேர்ந்து என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நம்முடைய வீட்டுக்குத் தடித்த சுவரும் உயரமும் வாய்க்காது. வெள்ளை மட்டுமாவது வாய்க்கும்.

எங்கள் மாடி ஏறக்குறைய 600 சதுர அடி. மூன்று பூச்சுக்கு ஏறத்தாழ 25 கிலோ சுண்ணாம்பு பிடித்தது. சுண்ணாம்பு, பிடிப்புக்கான பசை, பூசும் மட்டை எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. ஆள் கூலி தனி. கல் சுண்ணாம்பும் கிடைக்கிறது, கிளிஞ்சல் சுண்ணாம்பும் கிடைக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பில் வெண்மை கூடுதல், விலையும் கூடுதல். சுட்ட சுண்ணாம்பை வாங்கி வீட்டில் நீற்றுவதாக இருந்தால் பிளாஸ்டிக் வாளியைத் தொடவே கூடாது. அது கொதித்துப் பொங்கும். பழைய இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டுமே தவிர, சுண்ணாம்பின் தலையில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பெரிய ஆபத்து என்பதால், கண்ணாடி அணியாமல் யாரும் இதில் இறங்க வேண்டாம்; குழந்தைகளை மாடிக்கே விட வேண்டாம். இந்தச் சிரமம் வேண்டாதவர்கள் நீற்றிய தூளை மூட்டையாக வாங்கிக்கொள்ளலாம்.

பூசுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. தளத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாசியை எடுத்து, வெடிப்புகளை அடைத்து, தளம் ஈரமாகும்படி தண்ணீர் தெளித்த பிறகே முதல் பூச்சைத் தொடங்க வேண்டும். எங்களுக்கு வேலை செய்த கொத்தனார், "காஞ்ச தளத்துல பூசினா பொருக்கு விட்டுப் போகும்ணே, தண்ணிய நல்லா குடிக்க விடுங்க" என்று சொல்லிவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகுதான் மட்டையை எடுத்தார். முதல் பூச்சு பால் பதத்தில் நீர்க்க இருந்தது. பூசும்போது தளம் சாம்பல் நிறமாகவே தெரியும். சுண்ணாம்பு காயக் காயத்தான் வெளுக்கும். அப்போதைக்கு வெளுக்கவில்லை என்று கெட்டியாகப் பூசுகிறவர்களின் மாடிதான் ஒரே மாதத்தில் உரிந்து போகிறது. பிடிப்புக்கு இப்போது பெரும்பாலும் ஃபெவிக்கால் கலக்கிறார்கள். முன்பெல்லாம் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சுண்ணாம்புக் கலவையில் சேர்ந்தன. கடுக்காய் ஊறிய நீரை நானும் கலந்து பார்த்தேன். பிடிப்பு நன்றாக இருந்தாலும், வெண்மையில் லேசான மஞ்சள் படிந்துவிட்டது. ஒளியைத் திருப்பி அனுப்பும் வேலைக்கு அது உதவாது.

பலன் எப்படி என்பதைச் சோதிக்க, முதல் ஆண்டு படுக்கையறைக்கு மேலே உள்ள பாதி மாடிக்கு மட்டும் பூசச் சொன்னேன். பங்குனி மாதத்துப் பிற்பகலில் வெறுங்காலோடு கறுப்புப் பாதியில் நிற்கவே முடியவில்லை. ஓர் அடி எடுத்து வெள்ளைப் பாதியில் வைத்தால் நிதானமாக நின்று பேசலாம். இரவு படுக்கையறையின் கூரையில் கையை வைத்துப் பார்த்தேன்; கை இளஞ்சூட்டோடு திரும்பியது. பக்கத்தில் கூடத்தின் கூரையோ பத்து மணிக்கும் சுட்டது. அடுத்த ஆண்டு வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டதால் மாடி முழுவதும் வெள்ளையானது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது ஒரு கோடைக்கான பூச்சுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். ஆடிக் காற்று வாரி இறைக்கும் புழுதி அதற்கு முன்பே வெண்மையை மங்கச் செய்யும். மாதம் ஒருமுறை பெருக்கித் தண்ணீர் விட்டால் கொஞ்சம் மீளும். நடந்தால் காலில் ஒட்டும். மாடிப்படி முழுவதும் வெள்ளைத் தடம் படியும். வற்றல் வடகம் காயப்போடுகிறவர்கள் விரிப்பு இல்லாமல் போட முடியாது. வெயிலில் நிற்கும்போது கண்ணும் கூசும். மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி வைத்திருப்பவர்கள் முதல் இரண்டு மூன்று மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் தொட்டித் தண்ணீர் பால் போலக் கலங்கும். ஆண்டுதோறும் மாசி, பங்குனியில் பூசுவதை வெள்ளையடிப்பு வேலைகளோடு சேர்த்துக்கொண்டால் இந்தக் குறைகள் பெரிதாகத் தெரியாது.

ஆண்டுதோறும் ஆள் தேட முடியாதவர்களுக்குக் கடைகளில் வாளியாக விற்கும் குளிர்கூரைப் பெயின்ட் இருக்கிறது. என் உறவினர் வீட்டில் அதைப் பூசி மூன்றாம் கோடையைப் பார்த்துவிட்டார்கள். காலில் ஒட்டவில்லை, மழைக்கும் கரையவில்லை. சுண்ணாம்பைவிடப் பல மடங்கு விலை என்பதும், அடிப்படையில் அது ஒரு பிளாஸ்டிக் படலம் என்பதும் அதன் குறைகள். வாங்குகிறவர்கள் வாளியின் மேல் ஒளி திருப்பும் விகிதம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒழுகலை மட்டும் தடுக்கும் சாதாரண நீர்க்காப்புப் பூச்சையும் இதே பெயரில் தள்ளிவிடுகிறார்கள். சொந்த வீடு, வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்றால் இதை வாங்கலாம். மற்றவர்களுக்கு நான் சுண்ணாம்பையே சொல்வேன்.

அடுத்தது மின்விசிறி. பழைய வகை மேல்விசிறி முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் வரை எடுக்கும், பி.எல்.டி.சி. (தூரிகையில்லா நேர்மின்னோட்ட) மோட்டார் உள்ள விசிறி அதே அளவு காற்றுக்கு 30 வாட்டை ஒட்டி எடுக்கும். சுழலும் பகுதியில் நிலைக்காந்தம் இருப்பதாலும், கம்பிச் சுருளுக்குப் போகும் மின்சாரத்தை ஒரு சிறிய மின்னணுப் பலகை கட்டுப்படுத்துவதாலும் வெப்பமாக வீணாகும் மின்சாரம் வெகுவாகக் குறைகிறது. பழைய விசிறியின் வயிற்றுப் பகுதியைத் தொட்டால் சுடும். இதைத் தொட்டால் சுடாது. நாள்தோறும் 12 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியில் 45 வாட் மிச்சம் என்றால், இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 32 யூனிட் மிச்சமாகும். 2024 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டணப்படி யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு என்று கணக்கிட்டாலே, ஒரு பில்லுக்கு 150 ரூபாய்க்கு மேல் குறைகிறது. சாதாரண விசிறியைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஒன்றரை ஆண்டுக்குள் திரும்பிவிடும்.

500 யூனிட்டின் விளிம்பில் நிற்கும் வீடுகளுக்கு ஆதாயம் இன்னும் அதிகம். 2024 ஜூலைக் கட்டணப்படி அந்த எல்லையைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுகளுக்கு அதிக விலை கொடுப்பதோடு, 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடுகிறது. மூன்று விசிறிகளை மாற்றினால் இரண்டு மாதத்தில் நூறு யூனிட்டை ஒட்டி இறங்கும். எங்கள் பில் சித்திரை, வைகாசிக் கணக்கில்கூட எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றதற்கு இதுவே முக்கியக் காரணம். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் வேறொன்றையும் கவனிப்பார்கள்: மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மின்தடை செய்யும் நாளில், முன்பு மதியத்துக்குள் ஓய்ந்துவிடும் பேட்டரி இப்போது மாலை வரை விசிறியை ஓட்டுகிறது. மின்னழுத்தம் குறையும் நேரத்திலும் வேகம் தளர்வதில்லை.

வாங்கும்போது விலையையும் நிறத்தையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. மேல்விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை 2023 ஜனவரி முதல் கட்டாயமாகியிருக்கிறது. அந்த முத்திரையில் காற்றின் அளவும் வாட் அளவும் இருக்கும். காற்றின் அளவை வாட்டால் வகுத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 220 கனமீட்டர் காற்றை 30 வாட்டில் தரும் விசிறி ஒரு வாட்டுக்கு ஏழு கனமீட்டருக்கு மேல் தருகிறது. பழைய வகை மூன்றைத் தொடுவதே பெரிது. வாட் குறைவாக இருக்கிறது என்பதற்காகக் காற்றும் குறைந்த விசிறியை வாங்கினால், புழுக்கத்தில் ஏ.சி.யைத்தான் மறுபடி போடுவோம். பொருத்தும்போது சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுக்கச் சொல்ல வேண்டும். அது இருந்தால் உள்ளே உள்ள பலகை கெடும். டவுன்ஹால் ரோட்டில் நான் வாங்கிய கடைக்காரர் இதைக் கேட்காமலே சொல்லி அனுப்பினார்.

இதன் பெரிய குறை பழுதுபார்ப்பில் இருக்கிறது. பழைய விசிறியில் கண்டென்சர் போனால் தெருமுனை மெக்கானிக் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார். இதில் மின்னணுப் பலகை போனால் நிறுவனத்தின் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். எங்கள் விசிறிகளில் ஒன்று கத்திரி வெயிலில் நின்றுபோனபோது, பெயர் சொல்ல விரும்பாத அந்த நிறுவனம் இன்று வருகிறோம், நாளை வருகிறோம் என்று இழுத்தடித்தது. உத்தரவாதக் காலம் என்பதால் பலகையை இலவசமாக மாற்றினாலும், இடைப்பட்ட இரவுகளின் அவதிக்குப் பதில் இல்லை. ஆகவே நட்சத்திரங்களோடு உத்தரவாத ஆண்டுகளையும், மதுரையிலேயே பழுதுபார்க்கும் நிலையம் இருக்கிறதா என்பதையும் விசாரித்து வாங்குங்கள். எல்லா விசிறிகளையும் ஒரே நாளில் கழற்ற வேண்டியதும் இல்லை. அதிக நேரம் ஓடும் படுக்கையறை, கூடம் இரண்டில் மட்டும் மாற்றினால் போதும். விருந்தாளிகளுக்கான அறையில் எப்போதாவது ஓடும் நல்ல விசிறியைப் பழைய இரும்புக்குப் போட்டுப் புதியது வாங்குவதில் பூமிக்கும் லாபமில்லை, நமக்கும் லாபமில்லை.

மற்றவற்றில் வெட்டிவேர்த் தட்டியை மனதாரப் பரிந்துரைக்கிறேன். ஆனி, ஆடியில் வீசும் வறண்ட மேல்காற்றுக்கு எதிரே தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தால் அறை குளிர்ந்து மணக்கும். மாடியில் கட்டும் பச்சை நிழல்வலை எனக்கு உவப்பில்லை. சில ஆண்டு வெயிலில் இற்றுப்போய், நார் நாராகப் பிளாஸ்டிக் துணுக்குகள் தெருவெல்லாம் பறக்கின்றன.

சூரிய மின்தகடு நல்லதுதான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. எனினும் மாடியையும் விசிறியையும் சரிசெய்து, ஓராண்டு பில்களைப் பார்த்துவிட்டுத் தகட்டின் அளவை முடிவு செய்தால், 3 கிலோவாட் என்று நினைத்த வீட்டுக்கு 2 கிலோவாட்டே போதும் என்று தெரியவரலாம்.

தலைக்கு மேல் இன்னொரு வீடு இருப்பவர்களுக்கு மாடிச் சுண்ணாம்பால் நேரடிப் பயன் இல்லை. அவர்கள் விசிறியிலிருந்தே தொடங்கலாம். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் பூச வேண்டும். சுண்ணாம்பு பட்டால் தளம் வெடித்துவிடும் என்று சிலர் தயங்குவார்கள். தளத்தை வெடிக்க வைப்பது வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் கான்கிரீட்தான். அந்த ஏற்ற இறக்கத்தைச் சுண்ணாம்பு குறைக்கவே செய்கிறது. காலி செய்யும்போது விசிறியைக் கழற்றி எடுத்துப் போகலாம் என்பதால், பழையதை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் வைத்துக்கொள்வது நல்லது.