வாடைக்காற்றில் கண்ணை மூடிக்கொண்ட ஃபுளோ மீற்றர்

நிலாவெளிப் பக்கம் கரையோரத்தில், சிங்கி இறாலை உயிரோடு வைத்திருந்து கொழும்புக்கு அனுப்பும் சின்ன இடம் ஒன்று நடத்துகிறோம். பம்புக்கு ஃபுளோ மீற்றர் (குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று காட்டும் கருவி) வாங்க இருப்பவர்கள், முக்கியமாகக் கடல் தண்ணீர் இழுப்பவர்கள், இதை வாசித்துவிட்டுக் காசைக் கட்டுங்கள். எனக்கு மூன்றரை இலட்சமும் ஒரு தொட்டி இறாலும் போயின.

எங்கள் தேவை பெரிதில்லை. கடல் தண்ணீர் மணல் வடிகட்டி வழியாகத் தொட்டிகளுக்குப் போக வேண்டும். மணிக்கு 30 கன மீற்றர், இரவு பகல் பாராமல். வடிகட்டியில் அழுக்கு ஏற ஏறத் தண்ணீர் குறையும். அழுத்தத்தைப் பார்த்து பம்பை ஓட்டலாமே என்று சிலர் சொன்னார்கள். அது சரிவராது. வடிகட்டி அடைபட்டால் அதற்கு முன்னால் அழுத்தம் கூடத்தான் செய்யும்; பம்பும் போதும் என்று வேகத்தைக் குறைத்துவிடும், தொட்டி காய்ந்துபோகும். அதனால் ஓட்டத்தையே அளந்து வி.எஃப்.டி.க்கு, அதாவது பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவுக்கு, கொடுக்க முடிவெடுத்தேன். அதுவரை நான் யோசித்ததில் பிழையில்லை.

கொழும்பிலிருந்து வந்த விற்பனையாளர், "குழாயை வெட்டவே தேவையில்லை சேர், வெளியில கட்டிவிட்டாப் போதும்" என்றார். குழாயின் மேல் கட்டும் அல்ட்ராசோனிக் (ஒலியால் அளக்கும்) மீற்றர். இரண்டு சென்சர்கள் ஒன்றுக்கொன்று ஒலியை அனுப்பும். ஓட்டத்தோடு போகும் ஒலி சீக்கிரம் சேரும், எதிர்த்து வருவது பிந்தும். அந்த நேர வித்தியாசத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடும். நல்ல முறைதான், சுத்தமான தண்ணீருக்கு. அவர் வந்தது ஆவணியில். கடல் குளம்போலக் கிடந்தது. திரையில் 30.1 என்று காட்டியது. மிச்சக் காசையும் அன்றே கொடுத்துவிட்டேன்.

இந்த இடத்தில் என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மீற்றர் 30 என்று காட்டும்வரை டிரைவ் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே, மீற்றர் பொய் சொன்னாலும் திரையில் 30தான் வரும். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

கார்த்திகை பிறந்து வாடை தொடங்கியது. திருகோணமலைக் கரையில் வாடை என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீரில் நுரையும் மணலும் கலந்து வந்தன. குமிழி கூடினால் ஒலி மறுபக்கம் போய்ச் சேராது. மீற்றர் ஒலிச் சிக்னலை இழந்தது; ஓட்டத்தைச் சொல்ல அது டிரைவுக்கு அனுப்பும் மின்னோட்டம் 4 மில்லிஅம்பியரில் போய் நின்றது. டிரைவுக்கு 4 என்றால் பூச்சியம், அதாவது ஓட்டமே இல்லை. 40 ஹேர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்த பம்பை அது 50க்கு ஏற்றியது. பம்பு இன்னும் வேகமாக இழுத்தது, காற்றையும் சேர்த்து. குமிழி இன்னும் கூடியது, மீற்றர் திரும்பிக் கண் திறக்கவேயில்லை. 40இலிருந்து 50க்குப் போனால் பம்பு கொடுக்கக்கூடிய அழுத்தம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விடியப்புறம் இரண்டு மணி போல வடிகட்டிக்குப் பக்கத்து பி.வி.சி. மூட்டு கழன்றது. காவலுக்கு இருந்த பொடியன் என்னை எழுப்பும்போது கடைசித் தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை.

விற்பனையாளருக்குப் போன் எடுத்தேன். "இந்தக் கடலுக்கு எந்த மீற்றரும் நிக்காது சேர்" என்றார். ஆவணியில் அப்படியா சொன்னார்?

சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கருவி வேலை பார்க்கும் தம்பி ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் ஒரு மணி நேரத்தில் கண்டதெல்லாம் இதுதான். சென்சர்களைப் படுத்திருக்கும் குழாயின் மேலேயும் கீழேயும் கட்டியிருந்தார்கள். மேலே காற்று தங்கும், கீழே மணல் தங்கும். பக்கவாட்டில்தான் கட்ட வேண்டும். குழாய் வளையும் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிக் கட்டியிருந்தார்கள். எங்களுடையது 3 அங்குலக் குழாய். குழாய் விட்டத்தைப் போல 10 மடங்கு, அதாவது 30 அங்குலம், நேராக ஓடிவந்த பிறகுதான் அளக்க வேண்டும். சென்சருக்கு அடியில் பூசும் ஜெல் வெயிலில் காய்ந்து அப்பளம்போல உரிந்து வந்தது. கடைசியாக மெனுவைத் திறந்து பார்த்துவிட்டுத் தம்பி சிரித்தார். குழாய் வகை: கார்பன் ஸ்டீல். நான் பார்த்துக்கொண்டு நிற்பதோ வெள்ளை பி.வி.சி.

கடல் அடங்கிய ஒரு நாளில் 1000 லீற்றர் தாங்கியை வைத்துக் கைக்கடிகாரத்தோடு பிடித்துப் பார்த்தோம். மணிக்கு 30 கன மீற்றர் என்றால் 2 நிமிடத்தில் நிரம்ப வேண்டும். 2 நிமிடம் 35 செக்கன் எடுத்தது. உண்மையில் ஓடியது 23 கன மீற்றர்தான். இந்தச் சோதனையைக் காசு கொடுக்க முன்னர் செய்திருக்க வேண்டும். தாங்கியும் என்னிடம் இருந்தது, கடிகாரமும் இருந்தது.

இப்போது மின்காந்த மீற்றர் போட்டிருக்கிறோம். அதற்கு மின் கடத்தும் திரவம் வேண்டும். கடல் தண்ணீரைவிட நன்றாகக் கடத்தும் தண்ணீர் எங்கே கிடைக்கும்? குமிழி வந்தால் காற்றையும் தண்ணீராக எண்ணிக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், ஆனால் சட்டென்று கண்ணை மூடாது. இதிலும் ஒருவர் 316 ஸ்டெயின்லெஸ் எலெக்ட்ரோட் (தண்ணீரைத் தொடும் உலோக முனை) உள்ளதைத் தலையில் கட்டப் பார்த்தார். கடல் தண்ணீர் அதை அரித்துவிடும். டைட்டேனியம் அல்லது ஹாஸ்டலோய் என்ற நிக்கல் கலப்புலோகம் கேளுங்கள். பிளாஸ்டிக் குழாய் என்றால் தண்ணீரைத் தொட்டு எர்த் கொடுக்கும் உலோக வளையமும் கட்டாயம், இல்லாவிட்டால் வாசிப்பு ஆடும். டேர்பைன் மீற்றரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், மணலும் சிப்பியும் அதன் சக்கரத்தைத் தின்றுவிடும். தண்ணீர்ச் சுழிகளை எண்ணி அளக்கும் வோர்ட்டெக்ஸ் வகையோ, பம்பு மெதுவாகி ஓட்டம் ஒரு அளவுக்குக் கீழே போனதும் பூச்சியம் காட்டும். பிறகென்ன, என் கதைதான்.

எதை வாங்கினாலும் விற்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "சிக்னல் போனால் உங்கள் மீற்றர் என்ன அனுப்பும்?" 4 மில்லிஅம்பியர் என்றால் வேண்டாம். 3.6க்குக் கீழே இறங்க வேண்டும், அப்போதுதான் இது பூச்சியமல்ல, கோளாறு என்று டிரைவுக்குத் தெரியும். அப்படி வந்தால் 40 ஹேர்ட்ஸிலேயே நிற்கும்படி எங்கள் டிரைவை இப்போது மாற்றி வைத்திருக்கிறோம்.

பழைய மீற்றர் பெட்டியோடு ஸ்டோரில் இருக்கிறது. இரும்புக் குழாயில் நல்ல தண்ணீர் ஓடும் இடம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், குறைந்த விலைக்குத் தருகிறேன். மெனுவில் குழாய் வகையைக்கூட மாற்றத் தேவையில்லை.